எர்த்: உண்டு

எலக்ட்ரிக் வேலை கற்றுத் தரும் மாலை வகுப்பில் சேர்ந்த முதல் நாளே ஒரு நோட்டு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பக்கத்துக்கு மூன்று பத்தி: பார்த்தது, செய்தது, சந்தேகம். மற்றவர்களுக்கு முதல் இரண்டு பத்திகள் நிறையும். எனக்கு மூன்றாவது வழிந்து அடுத்த பக்கத்துக்குப் போகும். வகுப்பில் என் பெயரே அதுதான். "சந்தேகம் வந்தாச்சு, இனி வீட்டுக்குப் போன மாதிரிதான்" என்பார்கள். பகலில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் அளவுகளைப் பதிவேட்டில் எழுதுகிறேன். எழுதியதை மூன்று முறை சரிபார்ப்பேன்; மூன்றாவது முறை சரிபார்த்தேனா என்று நாலாவது முறையும் பார்ப்பேன்.

என் நோட்டில் ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் சந்தேகப் பத்தி வெறுமையாக இருக்கிறது. எங்கள் வீட்டு மின்சாரத்தைப் பற்றி எழுதிய பக்கம் அது.

அப்பா முப்பத்தொரு வருடம் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டினார். எதைக் கேட்டாலும் முதலில் "மேலயா, கீழயா?" என்பார். பரீட்சை எழுதிவிட்டு வந்தால், "மார்க்கு மேலயா, கீழயா?" அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், "கோவம் மேலயா, கீழயா?" அப்படிப்பட்டவர் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில். யாராவது அதைச் சொல்லிச் சிரித்தால், "மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாயா திங்கிறான்?" என்று கேட்டபடி படியேறுவார்.

போன வருடம் இரண்டாம் மாடியில் நின்று மூச்சு வாங்கினார். பிறகு முதல் மாடியில். பிறகு ஆஸ்பத்திரியில். நுரையீரல் நார் நாராகப் போய்விட்டது, இனி அது சரியாகாது என்றார்கள். ஆனால் முகமூடி வைத்த மூச்சு மிஷின் ஒன்று இருந்தால் வீட்டிலேயே இருக்கலாம். அந்த மிஷினை வார்டே கடனாகத் தரும். அப்பாவின் பெயருக்கு ஒன்று ஒதுக்கியும்விட்டார்கள்.

வார்டு சிஸ்டர் என் கையில் ஒரு படிவத்தைக் கொடுத்தார். வீட்டில் மெயின் பிரேக்கர், லீக்கேஜ் பிரேக்கர், கசியும் கரண்டை மண்ணில் இறக்கும் எர்த், மிஷினுக்குத் தனி லைன். நாலு கட்டம். ஒவ்வொன்றிலும் ஓர் எலக்ட்ரீஷியன் கையெழுத்துப் போட வேண்டும்.

"மூணு வாரம் வெச்சிருப்போம்மா. மூணாவது வெள்ளிக்கிழமை படிவம் வரலன்னா அடுத்த பேருக்குப் போயிடும்."

"அப்புறம் மறுபடி எங்களுக்கு எப்போ சிஸ்டர்?"

"வரிசையில பதினேழு பேர் இருக்காங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வரலன்னா அப்பாவை ஆறாவது மாடிக்கு மாத்துவாங்க."

ஆறாவது மாடியைப் பற்றி யாரும் விளக்கிச் சொல்வதில்லை. அங்கே அனுப்பும்போது நோயாளியின் செருப்பை ஒரு கவரில் போட்டு வீட்டாரிடம் கொடுத்துவிடுவார்கள். அவ்வளவுதான் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் வீட்டில் இருந்தது கறுத்துப்போன ஒரு மரப்பலகை, அதில் இரண்டு பீங்கான் ஃபியூஸ் கட்டைகள். மிக்சியும் தண்ணீர் ஹீட்டரும் ஒன்றாக ஓடினால் வீடே இருண்டுவிடும். பலகையை எடுத்துவிட்டுப் புதுப் பெட்டி வைக்க வேண்டும் என்பது எனக்கே தெரிந்தது. எங்கள் தெருமுனை எலக்ட்ரீஷியனிடம் சொன்னேன். அவருக்கு மூன்றாவது வாரம் புதன்கிழமைதான் ஒழிந்தது.

"அதுக்குள்ள வீட்டுல என்னென்ன இருக்குன்னு எழுதி வெச்சிடு பாப்பா. நீதான் படிக்கிறியாமே, உங்கம்மா ஊரெல்லாம் சொல்றாங்க."

முதல் சனிக்கிழமை காலை எழுதினேன். வீட்டில் பதினொரு பிளக். வகுப்பில் காட்டியபடி ஒரு பல்பு ஹோல்டரில் இரண்டு கம்பி மாட்டி டெஸ்ட் விளக்கு செய்துகொண்டேன். கரண்ட் வரும் ஃபேஸிலும் அது திரும்பிப் போகும் நியூட்ரலிலும் கம்பியை வைத்தேன், எரிந்தது. நியூட்ரலிலிருந்து எடுத்து, மேலே உள்ள பெரிய ஓட்டையில், அதாவது எர்த்தில் வைத்தேன். அப்போதும் எரிந்தது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பல்பு எரிந்தால் எர்த் இருக்கிறது என்று அர்த்தம். பதினொரு இடத்திலும் ஒரே வெளிச்சம். பதினொரு முறை 'எர்த்: உண்டு' என்று எழுதினேன். கையெழுத்துகூட அன்றைக்கு அழகாக இருந்தது. மூன்றாவது பத்திக்கு வந்து யோசித்தேன். எதுவும் தோன்றவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தச் சந்தோஷத்தில் நோட்டை மூடினேன்.

எலக்ட்ரீஷியன் அந்த நோட்டுப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "எர்த் இருக்கா? பாதிக் கஷ்டம் போச்சு. நான் தனியா வந்து பாக்க வேணாம், நேரா பெட்டியோட வர்றேன்" என்றார்.

இரண்டாவது வாரம் திங்கட்கிழமை எங்கள் கட்டடக் கமிட்டிக் கூட்டம். மாதத்துக்கு ஒரு முறைதான் கூடும். கோரிக்கை இருந்தால் எழுதித் தரவும் என்று படிக்கட்டில் ஒட்டியிருந்தார்கள். எங்களுக்குக் கேட்க எதுவும் இருக்கவில்லை. மொட்டை மாடித் தொட்டிக்கு மூடி இல்லை என்று அம்மா சொன்னாள். அதை எழுதிப் பெட்டியில் போட்டேன்.

மூன்றாவது வாரம் புதன்கிழமை காலை எலக்ட்ரீஷியன் வந்தார். ஏணியைத் தூக்கிக்கொண்டு பின்னால் அவருடைய மச்சான். இருவருக்கும் ஐம்பதுக்கு மேல். ஒருவர் வாயை மற்றவர் மூடவிட மாட்டார்கள் போலிருந்தது.

"மூணு மாடி ஏணியத் தூக்கிட்டு வர்றேன், மூணு வார்த்தை நல்லதாச் சொன்னாரா கேளும்மா."

"ஏணியத் தூக்க வெச்சதே உனக்குக் கொடுத்த மரியாதைதான் மச்சான். உங்கக்கா என்னைக் குடும்பத்தையே தூக்க வெச்சிருக்கா."

அம்மா டீ கொடுத்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள். அப்பாவின் கட்டிலை அன்று காலையே ஜன்னலோரம் நகர்த்திப் போட்டு, புது உறையும் போட்டிருந்தாள்.

கீழே மீட்டர் அறையில் காவலாளி மெயினை இறக்கியதும் பழைய பலகையைக் கழற்றினார்கள். பின்னால் ஒரு குளவிக்கூடு, சுவரெல்லாம் புகைக் கரி. எலக்ட்ரீஷியன் ஃபியூஸ் கட்டையை உருவிப் பார்த்தார்.

"யாரு போட்டது இது? ஃபியூஸ் கம்பியா, துணி காயப்போடுற கம்பியா?"

"எங்க வீட்டுக்காரருதான்" என்றாள் அம்மா, கொஞ்சம் பெருமையோடு. "எலக்ட்ரிக் வேலைக்கு ஆளே கூப்பிட மாட்டாரு. எல்லாம் அவரே பாத்துப்பாரு."

"தெரியுது, தெரியுது" என்றார் மச்சான்.

சுவரிலிருந்து வந்த குழாய்களில் இரண்டிரண்டு கம்பிகள்தான் இருந்தன. எர்த்துக்கான மூன்றாவது பச்சைக் கம்பி எங்கே என்று அவரும் ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு என் நோட்டைத் திரும்பப் பார்த்தார். "இரும்புக் குழாயிலேயே எர்த் எடுத்திருப்பான். பழைய காலத்து வேலை" என்றார். நானும் தலையாட்டினேன். புதுப் பெட்டி ஏறியது. வெள்ளை நிறம், எட்டு பிரேக்கர், நடுவில் பட்டன் வைத்த லீக்கேஜ் பிரேக்கர். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒட்டச் சிறு சீட்டுகள் எழுதி வைத்திருந்தேன். 'அப்பா மிஷின்' என்ற சீட்டை அம்மாவே ஒட்டினாள்.

மதியம் மின்சாரம் விட்டார்கள். எல்லா விளக்கும் எரிந்தது. மிக்சியும் ஹீட்டரும் ஒன்றாக ஓடின. அம்மா அடுப்படியில் நின்று கைதட்டினாள்.

எலக்ட்ரீஷியன் பையிலிருந்து ஒரு சின்ன டெஸ்டரை எடுத்து அப்பா அறைப் பிளக்கில் செருகினார். அதில் ஒரு பொத்தான். அதை அமுக்கினால் கொஞ்சம் கரண்டை எர்த்தில் கசியவிடும். உடனே லீக்கேஜ் பிரேக்கர் விழ வேண்டும்.

அமுக்கினார். விழவில்லை.

மறுபடி அமுக்கினார். "மச்சான், விழுந்துச்சா?"

"கல்லு மாதிரி நிக்குது."

"விழணுமே. கசிஞ்சா விழறதுக்குத்தானே அதை மாட்டியிருக்கு."

வேறு பிளக்கில் பார்த்தார். அங்கேயும் விழவில்லை. மெயினை இறக்கிவிட்டு அப்பா அறைப் பிளக்கின் இரண்டு திருகுகளைக் கழற்றி முகப்பை முன்னால் இழுத்தார். நான் டார்ச் பிடித்தேன். நியூட்ரல் திருகிலிருந்து எர்த் திருகுக்கு ஒரு விரல் நீளத்தில் ஒரு பச்சைக் கம்பி போட்டிருந்தது. எர்த் திருகில் அதைத் தவிர வேறு கம்பியே இல்லை.

அவர் டெஸ்டரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"பாப்பா, நீ எரியவெச்ச பல்பு எர்த்துல எரியல. நியூட்ரல்லதான் எரிஞ்சிருக்கு. ரெண்டையும் யாரோ முடிச்சுப் போட்டுட்டான்."

பதினொரு பிளக்கையும் திறந்தோம். பதினொன்றிலும் ஒரே அளவில் வெட்டிய, ஒரே மாதிரி நுனி சீவிய பச்சைக் கம்பி. கம்பியின் நுனியை இடப்பக்கம் வளைத்து முறுக்குவது யாருடைய கை என்று எனக்குத் தெரியும். அப்பா என் புத்தகப் பை வாரைத் தைத்தாலும் இடப்பக்கம்தான் முடிச்சு விழும்.

"இருபது வருஷமா ஒண்ணும் ஆகலையே தம்பி" என்றாள் அம்மா.

"ஒண்ணு ஆகற வரைக்கும் ஒண்ணும் ஆகாதும்மா."

என்னை அழைத்துக்கொண்டு மீட்டர் அறைக்கு இறங்கினார். மூலையில் எர்த் கம்பி வர வேண்டிய இடத்தில் துருப்பிடித்த ஒரு போல்ட் மட்டும் இருந்தது. எந்தக் காலத்திலோ முற்றத்துக்குச் சிமெண்ட் போட்டபோது கம்பியை வெட்டிவிட்டிருக்கிறார்கள். மொத்தக் கட்டடத்துக்கும் எர்த் இல்லை. பிறகு எங்கள் வீட்டு நியூட்ரல் கம்பியைக் காட்டினார். நடுவில் ஓர் ஒட்டு, மேலே துணி டேப் சுற்றி, அது கருகிக் கரியாக இருந்தது.

"இது எத்தனை நாள் தாங்கும்னு எனக்கும் தெரியாது, போட்டவனுக்கும் தெரியாது. இது விட்டுச்சுன்னா, மேல ஒரு விளக்கு எரிஞ்சுட்டு இருந்தாப் போதும், ஃபேஸ் அந்தப் பச்சைக் கம்பி வழியா நேரா மிஷின் பாடிக்கு வரும். லீக்கேஜ் பிரேக்கரை நம்பலாம்னு சொல்லுவாங்க. நான் சொல்ல மாட்டேன். நீயே பாத்தியே, கசியவிட்டும் அது விழல."

"இந்த ஒட்டை இப்பவே மாத்திடலாமாண்ணே?"

"மீட்டருக்கு இந்தப் பக்கம் ஈ.பி.காரன் சீல் வெச்சிருக்கான். தொடக்கூடாது. எர்த்துன்னா முற்றத்தை உடைச்சுக் குழி தோண்டி, மேல வரைக்கும் கம்பி இழுக்கணும். ஒரு நாள் வேலைதான். ஆனா கமிட்டி கையெழுத்து வேணும்."

கமிட்டிச் செயலாளர் முதல் மாடியில் இருந்தார். கதவைப் பாதி திறந்து கேட்டுக்கொண்டார்.

"தரையை உடைக்கிறதுன்னா கூட்டத்துல வெச்சுத்தான்மா. போன வாரம் திங்கள் கூட்டத்துக்கு வந்திருந்தா அன்னைக்கே முடிச்சிருக்கலாம். இனி அடுத்த மாசம்."

"எங்கப்பா வெள்ளிக்கிழமை..."

"புரியுதும்மா. நான் ஒருத்தன் என்ன பண்ண முடியும்?" கதவை மூடப் போனவர் மறுபடி தலையை நீட்டினார். "உங்க தொட்டி மூடி போட்டாச்சே, பாத்தீங்களா?"

எலக்ட்ரீஷியன் மூன்று கட்டங்களில் கையெழுத்துப் போட்டார். எர்த் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை மூடினார். அம்மா அவர் முன்னால் நின்றாள்.

"இதையும் போட்டுடு தம்பி. உனக்குப் புண்ணியமாப் போகும்."

மச்சான் தரையைப் பார்த்தபடி, "போட்டுடேன்யா" என்றார். காலையிலிருந்து அவர் வேடிக்கையாகச் சொல்லாத முதல் பேச்சு அது.

"இல்லாததை இருக்குன்னு என்னால போட முடியாதும்மா. தப்பா நினைச்சுக்காதீங்க."

என்னை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. 'நானே வந்து பாத்திருக்கணும்' என்று மட்டும் மச்சானிடம் சொல்லிக்கொண்டு இறங்கினார். பதினொரு பச்சைக் கம்பிகளையும் பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினேன். அன்று வகுப்புக்குப் போகவில்லை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி மிஷின் பிரிவிலிருந்து ஆள் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. ஒன்பது மணிக்கு அம்மா அந்த டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு. அப்பா ரூம்ல மட்டும்."

"அம்மா, அது..."

"அவர் பாக்கறதுக்கு மட்டும்டி. அடுத்த மாசம் கமிட்டி வெச்சு உண்மையாவே எர்த் போட்டுடலாம். ஒரு மாசம். ஒரு மாசத்துல என்ன ஆயிடும்?"

நியாயமான கணக்காகவே பட்டது. இருபது வருடம் தாங்கிய ஒட்டு இன்னும் ஒரு மாதம் தாங்காதா? மெயினை இறக்கினேன். முகப்பைக் கழற்றி அப்பா வளைத்த வளைவிலேயே கம்பியை வைத்துத் திருகை மூன்று சுற்று சுற்றினேன்.

மிஷின் பிரிவிலிருந்து வந்தவர் படியேறிய களைப்பில் முதலில் தண்ணீர் கேட்டார். நல்ல மனிதர். அறையைப் பார்த்தார், புது உறை போட்ட கட்டிலைப் பார்த்தார், "வெளிச்சமான ரூம். நோயாளிக்கு இதுவே பாதி மருந்து" என்றார். மூன்று சிறு விளக்குகள் உள்ள ஒரு சோதனைப் பிளக்கைச் செருகினார். எல்லாம் சரி என்று விளக்குகள் காட்டின. படிவத்தைப் புரட்டினார்.

"எர்த் காட்டுதே. இந்தக் கட்டத்தை மட்டும் ஏன் விட்டிருக்காரு? மறந்துட்டாரா?"

அம்மா கதவருகே நின்றாள். முந்தானை நுனி அவள் வாயில் இருந்தது.

ஆமாம், மறந்துட்டார் என்று சொன்னால் போதும். அந்த வார்த்தை என் வாயில் வந்து நின்றது. அதற்குள் இன்னொன்று கண்முன் வந்தது: அப்பா முகமூடியோடு ஜன்னலோரம் படுத்திருக்கிறார். இரும்புத் தாங்கியில் நிற்கும் மிஷின் பக்கத்தில், கை அதன்மேல். அம்மா அவர் நெற்றியைத் துடைக்கிறாள். கீழே அந்தக் கருகிய ஒட்டு. பல்பு எரிகிறது.

"மறக்கல சார்" என்றேன். "எர்த் இல்ல. உள்ள ஒரு கம்பி போட்டிருக்கேன்."

அவர் படிவத்தை என்னிடம் நீட்டினார். சோதனைப் பிளக்கை உருவித் துடைத்தார்.

"சொன்னது நல்லதுதாம்மா. ஆனா ஏன்தான் சொன்னியோன்னும் இருக்கு. சொல்லலன்னா நானே கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருப்பேன். இப்போ முடியாது."

"நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு சார்."

"தெரியும்மா."

அவர் போனதும் அம்மா கட்டிலின் புது உறையைக் கழற்றினாள். நாலாக மடித்து, எட்டாக மடித்து அலமாரியில் வைத்தாள். "மறந்துட்டாருன்னு ஒரு வார்த்தை. உங்கப்பனுக்காக உனக்கு வாய் வரல" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கும் வரவில்லை.

அப்பா வெளியே போகும் சட்டையைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் வார்டின் முகமூடி. என்னைப் பார்த்ததும் அதை விலக்கினார்.

"வா மேஸ்திரி." வகுப்பில் சேர்ந்ததிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார். "பெட்டி ஏத்தியாச்சா?"

"ஏத்தியாச்சுப்பா. எட்டு பிரேக்கர்."

"பல்பு எரியுதா?"

"எரியுது."

"அப்புறம் என்ன, கிளம்பு."

படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன். எர்த் இல்லை என்றேன். பச்சைக் கம்பிகள் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு இருமலானது, இருமல் அடங்கக் கொஞ்சம் நேரம் ஆனது.

"கண்டுபிடிச்சுட்டீங்களா? அப்போ நீ கைக்குழந்தை. எர்த் இல்லாம கனெக்ஷன் தர மாட்டேன்னு ஒரு இன்ஸ்பெக்டர் நின்னான். எங்க லிஃப்டு ரூம்ல ஒருத்தர் சொல்லிக் கொடுத்தாரு. மறுநாள் வந்து பல்பை வெச்சுப் பாத்தான். எரிஞ்சுது. கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டான்." கொஞ்சம் மூச்சு எடுத்துக்கொண்டார். "இப்போ வந்தவன் கெட்டிக்காரனா? அவனே கண்டுபிடிச்சானா?"

"அவர் கண்டுபிடிக்கலப்பா. நான்தான் சொன்னேன்."

அப்பா என்னைப் பார்த்தார். கோபமா என்று தேடினேன். எதுவும் தெரியவில்லை. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார், பிறகு அடுத்ததை.

"எத்தனை கம்பி எடுத்தே?"

"பதினொண்ணு."

"பன்னெண்டு போட்டேனே. பீரோவுக்குப் பின்னால ஒண்ணு." முகமூடியைப் பழையபடி போட்டுக்கொண்டார்.

நான் அந்தப் பீரோவை நகர்த்திப் பார்க்கவே இல்லை.

நாலு மணிக்குச் சக்கர நாற்காலி வந்தது. தள்ள வந்தவர் நாற்காலியைச் சின்னச் சிலிண்டரோடு சேர்த்து லிஃப்டுக்குள் விட்டுவிட்டு, கோப்பை எடுத்து வருகிறேன் என்று வார்டுக்குள் ஓடினார். அதற்குள் சிஸ்டர் ஒரு பிளாஸ்டிக் கவரை என் கையில் திணித்தார். அதன் வாயை இரண்டு முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

இந்த லிஃப்டில் ஓட்டுகிறவர் இல்லை. பொத்தான்கள் மட்டும். நாற்காலி கதவைப் பார்த்தபடி இருந்தது. பொத்தான்கள் அவர் கைக்கு எட்டாத இடத்தில், என் தோளுக்குப் பக்கத்தில்.

தள்ளுகிறவர் வந்து சேர்ந்தார். "அமுக்கும்மா" என்றார்.

"மேலயா, கீழயா?" என்றார் அப்பா, முகமூடிக்குள்ளிருந்து.

"மேலப்பா."

ஆறை அமுக்கினேன். கதவு மூடியது. மூன்றாம் மாடியைத் தாண்டும்போது அப்பா என் கையிலிருந்த கவரைத் தொட்டுப் பார்த்தார்.

"என்னதிது, என் செருப்பா?"

"ஆமாப்பா. வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். கழுவணும்."

"ம்" என்றார்.